சாலையோர எண்ணிக்கைக் கருவி: இருசக்கர வண்டிகள் குறைந்து கார்கள் கூடுவது ஏன்?

கேள்வி: காட்பாடி அளவையர்

அனைவருக்கும் வணக்கம். சிறிய அளவை நிறுவனம் ஒன்றில் களப்பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர்கள் ஓடும் இருவழிச் சாலை ஒன்றில், ஏழு நாள் இரவும் பகலும் போக்குவரத்துக் கணக்கெடுக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்திருக்கிறது. இதுவரை ஆட்களைச் சாலையோரம் உட்காரவைத்து, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் முறையில்தான் எண்ணி வந்தோம். இரவு இரண்டு மணிக்கு மேல் எழுதப்பட்ட தாள்களை நானே நம்பியதில்லை. எனவே இந்த முறை, எடுத்துச் செல்லக்கூடிய காற்றுக்குழாய்க் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு ரப்பர் குழாய்களை ஒரு மீட்டர் இடைவெளியில் சாலையின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஆணியடித்துப் பதித்து, பெட்டியைப் புளியமரத்தில் சங்கிலியால் பூட்டியிருக்கிறோம்.

சோதனைக்காக முதல் நாள் காலை பதினைந்து நிமிடம் நானே அருகில் நின்று எண்ணினேன். என் கணக்கில் இருசக்கர வண்டிகள் 96, கார்கள் 18. கருவியின் கணக்கில் இருசக்கர வண்டிகள் 71, கார்கள் 29. பேருந்தும் லாரியும் சரியாகவே இருந்தன. கரும்பு டிராக்டர்கள் இரண்டு போயின. ஒன்றை அடுத்தடுத்து வந்த இரண்டு வண்டிகளாகவும், மற்றொன்றை மூன்று அச்சு லாரியாகவும் கருவி எழுதிவைத்திருக்கிறது. இன்னொன்றையும் கண்ணால் பார்த்தேன். இருசக்கர வண்டியில் வருகிறவர்களில் சிலர், கறுப்புக் குழாயைத் தொலைவிலேயே கண்டு, புதிய வேகத்தடை என்று எண்ணி, தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அலுவலகத்தில் சொன்னபோது, எல்லா வண்டிகளையும் காருக்கு ஈடாக மாற்றும் அலகுக் கணக்கில் இருசக்கர வண்டிக்கு அரை, காருக்கு ஒன்று என்று போட்டுப் பார்த்துவிட்டு, நான் எண்ணியது 66 அலகு, கருவி எண்ணியது 64.5 அலகு, இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல, வேலையைத் தொடருங்கள் என்கிறார்கள். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. இருபத்தைந்து வண்டிகள் காணாமற்போன தாளில் எப்படிக் கையெழுத்திடுவது? பிழை நான் பதித்த முறையில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா? இந்த வகைக் கருவியை நம் ஊர்ச் சாலைகளில் பதித்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பாலாற்றுப் பொறியாளர்

தம்பி, உங்கள் மனம் ஒப்பாதது சரியே. நெடுஞ்சாலைப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த 66-க்கு 64.5 என்ற பொருத்தம்தான் இதில் மிகவும் கவலைக்குரியது.

உங்கள் எண்களைத் திரும்பப் பாருங்கள். இருசக்கர வண்டிகளில் 25 குறைந்திருக்கின்றன, கார்களில் 11 கூடியிருக்கின்றன. ஒட்டி வந்த இரண்டு இருசக்கர வண்டிகளைக் கருவி ஒரு காராகக் கோத்திருந்தால், 22 வண்டிகள் 11 கார்களாகிவிடும், மீதி மூன்று முழுமையாக விழுங்கப்பட்டிருக்கும். குழாய்க்கு வண்டி தெரியாது, சக்கரம் ஏறி இறங்கும்போது எழும் காற்றழுத்த அடி மட்டுமே தெரியும். அந்த அடிகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு வேகத்தையும், வேகத்தைக் கொண்டு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் கணக்கிட்டு, அந்தத் தூரத்திலிருந்துதான் இது கார், இது பேருந்து என்று மென்பொருள் ஊகிக்கிறது. ஓர் இருசக்கர வண்டியின் சக்கர இடைவெளி ஏறத்தாழ 1.3 மீட்டர், காருக்கு 2.5 மீட்டரை ஒட்டி வரும். ஒரு வண்டியின் பின்சக்கரமும், பக்கத்தில் சற்றுப் பின்தங்கி வரும் வண்டியின் முன்சக்கரமும் ஏறத்தாழ ஒரே கணத்தில் குழாயை மிதித்தால், முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் இடையே ஒரு காரின் சக்கர இடைவெளி வந்துவிடுகிறது. நடுவில் விழுந்த அடியைப் பொருந்தாதது என்று மென்பொருள் தள்ளியிருக்கக்கூடும். இரண்டு வண்டிகளும் சரியாக இணையாக வந்தாலோ ஒன்று மட்டுமே பதிவாகும், ஏனெனில் ஒரு சக்கரம் எழுப்பும் அதிர்வை இரண்டாக எண்ணிவிடாதபடி, ஓர் அடிக்குப் பின் சில மில்லி விநாடிகள் கருவி காதை மூடிக்கொள்ளும். அந்த இடைவேளை 30 மில்லி விநாடி என்று வைத்தால், மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அதற்குள் அரை மீட்டர் கடந்துவிடுகிறது. அந்த அரை மீட்டருக்குள் இன்னொரு சக்கரம் வந்தால் அது கணக்கில் இல்லை.

இது ஊகம்தானே என்று விட்டுவிட வேண்டாம். வகைப்படுத்திய முடிவை மட்டுமல்லாமல், ஒவ்வோர் அடியின் நேரத்தையும் அப்படியே சேமிக்கும்படி கருவியை அமைக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் பதினைந்து நிமிடத்தை வரிவரியாகப் படித்து, எந்தக் கார் உண்மையில் கார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இனி அலகுக் கணக்குக்கு வருகிறேன். ஊர்ப்புறச் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) 64 நெறிமுறையில் இருசக்கர வண்டிக்கு 0.5, காருக்கு 1. இரண்டு வண்டி சேர்ந்து ஒரு காரானால் அலகு மாறாது, ஆகவே பிழை தன்னைத் தானே மறைத்துக்கொள்கிறது. அதே சாலை காட்பாடிக்குள் நுழைந்து நகரச் சாலையாகும்போது ஐ.ஆர்.சி. 106 பொருந்தும். அதில் இருசக்கர வண்டிகளின் பங்கு பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் மதிப்பு 0.75. அப்படிப் போட்டால் உங்கள் கணக்கு 90 அலகு, கருவியின் கணக்கு 82.25. மறைந்திருந்த பிழை வெளியே வந்துவிட்டது. மேலும் பொய்யாகக் கோக்கப்பட்ட ஒவ்வொரு காருக்கும் வேகம் என்று ஒன்று எழுதப்பட்டிருக்குமே, அதையும் நம்ப முடியாது. இந்தத் தாளை நாளை ஒருவர் எடுத்து, இருசக்கர வண்டிகள் இவ்வளவுதான், ஓரத்தை அகலப்படுத்தத் தேவையில்லை என்று முடிவெடுத்தால், அதன் விளைவைச் சுமப்பவர் விடியற்காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு அந்தச் சாலையில் வருகிறவர்.

டிராக்டர் பிழை எண்ணிக்கையில் சிறியது, விளைவில் பெரியது. டிரெய்லருடன் கூடிய டிராக்டருக்கு ஐ.ஆர்.சி. 64 தரும் மதிப்பு 4.5. அதை இரண்டு கார்களாக எழுதினால் பாதிக்கு மேல் போய்விடுகிறது. தார்ச் சாலையின் கனத்தை முடிவு செய்யும் ஐ.ஆர்.சி. 37 கணக்கிலோ இருசக்கர வண்டியும் காரும் நுழைவதே இல்லை. மூன்று டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள வணிக வண்டிகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அச்சின் எடை இரட்டித்தால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பதால், கரும்பு ஏற்றிய வண்டி ஒன்றைக் கார் என்று எழுதுவது சிறு பிழை ஆகாது.

மறுமொழி 2: கணியம்பாடி

பொறியாளர் ஐயா காரணத்தை விளக்கிவிட்டார். பதிக்கும் முறையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் நான் செய்யாத தவறு இதில் மிகச் சிலவே.

முதலில், சாலையின் முழு அகலத்துக்கும் ஒரே குழாயை இழுக்காதீர்கள். எதிரெதிரே வரும் வண்டிகள் ஒரே நேரத்தில் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கு குழம்பும். இரு ஓரங்களிலிருந்தும் தனித்தனி இணைகளாகக் குழாய்களைக் கொண்டுவந்து, சாலையின் நடுக்கோட்டில் முனையை அடைப்பானிட்டு மூடி, ஒவ்வோர் இணைக்கும் ஒரு பெட்டி வையுங்கள். முந்திச் செல்கிற வண்டி கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதிக்குள் வந்தாலும், எந்தக் குழாய் முதலில் மிதிபட்டது என்பதைக் கொண்டு திசையைக் கருவி அறிந்துகொள்ளும்.

இணையின் இரண்டு குழாய்களும் இழுத்துக் கட்டிய பின் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இது சிறிய செய்தியாகத் தோன்றும், ஆனால் காற்றழுத்த அடி குழாய்க்குள் ஒலியின் வேகத்தை ஒட்டித்தான் செல்கிறது. ஒரு குழாய் ஒரு மீட்டர் நீண்டுவிட்டால் மூன்று மில்லி விநாடி தாமதம் ஏற்படும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி உங்கள் ஒரு மீட்டர் இடைவெளியைக் கடக்க எடுப்பதே 60 மில்லி விநாடி என்பதால், வேகத்தில் ஐந்து விழுக்காடு பிழை அங்கேயே புகுந்துவிடுகிறது. மிச்சக் குழாயைப் பெட்டிக்கருகே சுருட்டி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இரண்டிலும் ஒரே அளவு சுருட்டுங்கள், அல்லது இரண்டையும் ஒரே அளவாக வெட்டிவிடுங்கள்.

பதிப்பதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் வாயால் ஊதிப் பாருங்கள். ஒருமுறை திருவண்ணாமலைச் சாலையில் இரண்டாம் குழாய் மட்டும் விட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருந்தது. பெட்டியை மாற்றினோம், பேட்டரியை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் குழாயைக் கழற்றி ஊதியபோது, முந்தைய வார மழையில் உள்ளே புகுந்த நீரும் செம்மண்ணும் கலந்து ஓர் உருண்டைச் சேறு வெளியே வந்து விழுந்தது. அதற்குள் இரண்டு நாள் தரவு போய்விட்டது.

வெயிலையும் மறக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர்த் தார் இளகும்போது ஆணி பிடிப்பை விடும், ஒட்டுப்பட்டை தூசியில் உரியும். குழாய் தளர்ந்து அலைந்தால் ஒரு சக்கரம் இரண்டு அடியாகப் பதியும். ஆகவே நாளுக்கு இருமுறை, நண்பகலுக்குப் பின்பும் விடியற்காலையிலும், ஒருவர் நேரில் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். இன்னொரு தலைவலி நிறுத்தும் வண்டிகள். டீக்கடை எதிரில் பதித்த ஒரு குழாயின்மேல் லாரி ஒன்று சக்கரத்தை வைத்துக்கொண்டு பிற்பகல் முழுவதும் நின்றுவிட்டது. அந்த நான்கு மணி நேரமும் சாலையில் வண்டியே ஓடவில்லை என்று கருவி எழுதியிருந்தது. கடை, பேருந்து நிறுத்தம், வேகத்தடை, வளைவு, சந்திப்பு ஆகியவற்றிலிருந்து விலகி, வண்டிகள் பிரேக் போடாமல் ஒரே வேகத்தில் போகிற நேரான இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

மண்ணில் இறங்கிப் போகிறவர்களுக்கு என் தீர்வு சிறுபாலம். பாலத்தின் இரு கைப்பிடிச் சுவர்களுக்கும் இடையே பதித்தால் சுற்றிப் போக இடமில்லை. பெட்டியையும் சுவருக்குப் பின்னால் மறைத்துவிடலாம். நெடுஞ்சாலைத் துறையின் எழுத்துவழி அனுமதியும் காவல் நிலையத்துக்கு முன்கூட்டிய தகவலும் இல்லாமல் சாலையில் ஆணியடிக்காதீர்கள். பதிக்கும் நேரம் ஞாயிறு விடியற்காலையாக இருக்கட்டும், ஒளிரும் மேற்சட்டை அணிந்த ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் வரும் வண்டிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

மறுமொழி 3: சத்துவாச்சாரி வாசகி

கணியம்பாடி ஐயா சொன்ன மற்ற எல்லாவற்றையும் ஏற்கிறேன், சிறுபாலத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. சாலை குறுகும் இடத்தில் இருசக்கர வண்டிகள் இன்னும் நெருங்கி, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வருகின்றன. அளவையரின் சிக்கலே வண்டிகள் ஒட்டி வருவதுதான் என்னும்போது, ஒட்ட வைக்கும் இடத்தைத் தேடிப் போவது நோயை வளர்க்கும். அதைவிட, திறந்த இடத்திலேயே பதித்து, குழாயைத் தார் விளிம்புக்கு அப்பாலும் ஒன்றரை மீட்டர் மண் ஓரத்தில் நீட்டிவிடுங்கள். இறங்கிப் போகிறவரும் மிதித்துத்தான் போவார்.

ஆனால் குழாயை எவ்வளவு திருத்தமாகப் பதித்தாலும், பாதிச் சாலை அகலமான மூன்றரை மீட்டருக்குள் மூன்று இருசக்கர வண்டிகள் இணையாக வரும் ஊர் இது. தடம் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வண்டிகளுக்கு ஏற்ற கருவியிடம் நாம் வேறொன்றை எதிர்பார்க்கிறோம். பக்கவாட்டு ராடார் வைத்தாலும் பேருந்தின் மறைவில் போகும் ஸ்கூட்டி தெரியாது. எனவே என் பரிந்துரை, ஏழு நாளும் குழாய் ஓடட்டும், அதோடு தேர்ந்தெடுத்த மணி நேரங்களில் வீடியோ பதிவும் ஓடட்டும். வீடியோவை நிறுத்தி, திருப்பி, கண்ணால் எண்ணி, அந்த மணிக்குரிய திருத்த விகிதத்தை ஒவ்வொரு வகை வண்டிக்கும் தனித்தனியே கண்டுபிடியுங்கள். கேமராவை ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். தாழ்ந்தால் முன் வண்டி பின் வண்டியை மறைக்கும். வரும் வண்டிகளின் முகப்பு விளக்கு நேரே பார்க்காத கோணத்தில் திருப்புங்கள், இல்லாவிட்டால் இரவு முழுவதும் வெள்ளை ஒளி மட்டுமே பதிவாகும். மின்கம்பத்தில் அனுமதியின்றி எதையும் கட்ட வேண்டாம்.

இங்கே பலர் செய்யும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். 96-ஐ 71-ஆல் வகுத்து 1.35 என்று ஒரு பெருக்கு எண்ணை எடுத்துக்கொண்டு ஏழு நாளுக்கும் போட்டுவிடாதீர்கள். வண்டிகள் ஒட்டி வரும் வாய்ப்பு நெரிசலோடு மிக விரைவாக ஏறும். வண்டிகள் இரட்டித்தால் ஒட்டி வரும் இணைகள் ஏறத்தாழ நான்கு மடங்காகும். காலை எட்டரை மணிக்கு 1.35 என்பது, இரவு பதினொரு மணிக்கு ஒன்றை ஒட்டியே இருக்கும். ஆகவே காலை நெரிசல், நண்பகல், மாலை நெரிசல், பின்னிரவு என்று குறைந்தது நான்கு பொழுதுகளுக்குத் தனி விகிதம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு மறுபடியும் தனியாகப் பாருங்கள்.

நாட்களைப் பற்றியும் ஒரு சொல். ஐ.ஆர்.சி. 9 நெறிமுறை 1972-இல் வந்தது. தொடர்ந்து ஏழு நாள், இருபத்து நான்கு மணி நேரம், ஆண்டுக்கு இருமுறை, அறுவடையும் விற்பனையும் மிகுந்த பருவத்தில் ஒன்று, மந்தமான பருவத்தில் ஒன்று என்பது அதன் அடிப்படை. ஏழு நாள் ஏன் என்று கேட்பவர்கள், பொய்கை மாட்டுச் சந்தை கூடும் செவ்வாய்க்கிழமையும் அடுத்த புதன்கிழமையும் அந்தப் பக்கம் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். திருவிழா போன்ற இயல்புக்கு மாறான நாட்களைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஆனால் நம் பக்கத்தில் பௌர்ணமி இருக்கிறதே! கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலைச் சாலை நிரம்பி வழிவது ஆண்டுக்கு ஒருநாள் நிகழ்வதன்று, மாதந்தோறும் நிகழ்வது. அதை இயல்புக்கு மாறானது என்று முழுக்கத் தள்ளுவதும் தவறு, அந்த வாரத்தை எடுத்து ஆண்டு முழுவதற்கும் பெருக்குவதும் தவறு. அத்தகைய சாலையில் பௌர்ணமியைத் தனியாக எண்ணி, ஆண்டின் 365 நாட்களில் அதற்குரிய பங்கை மட்டும் கொடுப்பதே நேர்மை. உங்கள் சாலைக்குப் பௌர்ணமி அல்ல, ஆலையின் அரவைப் பருவமே அந்த இடத்தில் இருக்கிறது.

காட்பாடி அளவையர்:

மூவருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா சொன்னபடி அடிகளின் நேரப் பதிவை எடுத்துப் படித்தேன். கார் என்று எழுதப்பட்டவற்றில் பலவற்றின் நடுவே, தள்ளிவிடப்பட்ட ஓர் அடி இருக்கிறது. முதல் டிராக்டரும் தெளிவாகத் தெரிகிறது. டிராக்டரின் இரண்டு அச்சு, ஒரு நீண்ட இடைவெளி, பிறகு டிரெய்லரின் இரண்டு அச்சு. அந்த நீண்ட இடைவெளியில்தான் மென்பொருள் வண்டியைக் கத்தரித்திருக்கிறது.

இன்று விடியற்காலை குழாய்களைக் கழற்றி, நடுக்கோட்டில் முனை மூடிய இரண்டு இணைகளாக, மண் ஓரத்திலும் நீட்டி, மறுபடி பதித்தோம். சிறுபாலத்தை விட்டுவிட்டேன். ஒரு ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. டிராக்டரை டிரெய்லரோடு ஒரே வண்டியாகப் பதிவாக்க, வண்டிகளைக் கத்தரிக்கும் இடைவெளியை மென்பொருளில் கூட்டிவிடலாமா?

பாலாற்றுப் பொறியாளர்:

கூட்டாதீர்கள், தம்பி. டிராக்டர் ஒன்றாகச் சேரும், அதோடு முன்னும் பின்னும் நெருங்கி வரும் இரண்டு கார்களும் ஒரு லாரியாகச் சேர்ந்துவிடும். ஒரு பிழையை மற்றொன்றுக்கு விற்றதாகிவிடும். கரும்பு டிராக்டர் மெதுவாக வரும் வண்டி. ஒரே வேகத்தில், அதுவும் குறைந்த வேகத்தில், அடுத்தடுத்துப் பதிவான இரண்டு வண்டிகளை மட்டும் நேரப் பதிவிலிருந்து வடிகட்டி, அந்த நேரத்து வீடியோவில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வீடியோ இல்லாத மணிகளுக்கு, ஆலை வாயிலில் வண்டிகள் நுழையும் பதிவேடு இருக்கும். அனுமதி கேட்டு அதோடு ஒப்பிடுங்கள், எடை மேடைச் சீட்டு உள்ள வண்டிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அறிக்கையில் கருவி தந்த எண்ணையும் திருத்திய எண்ணையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் எழுதி, எந்த மணிக்கு எந்த விகிதம் போட்டீர்கள் என்பதையும் அடியில் குறித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.